டேங்கில் ஊற்றும் நானோவா, ரிஃபைனரியில் இருக்கும் நானோவா?

நாமக்கல்லில் என் சித்தப்பா மகன் இரண்டு லாரி வைத்திருக்கிறான். ஒன்று 2018-இல் வாங்கிய பிஎஸ்-4 வண்டி, இன்னொன்று 2021-இல் வாங்கிய பிஎஸ்-6. (பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த தரம்; எண் கூடினால் கெடுபிடி கூடும்.) போன மாதம் ஒருநாள் இரவு பத்து மணிக்கு ஃபோன் செய்தான்.

"அண்ணா, பட்டறைக்கு ஒருத்தர் வந்தாருங்க. நானோ லிக்விடாம். டீசல்ல கலந்தா லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூட வருதாம். வாங்கலாங்களா?"

நான் வேதியியல் படித்தவன். அதனால் பாத்ரூம் ஆசிட் முதல் பசங்க போடும் ஹேர் டை வரைக்கும், குடும்பத்தில் பாட்டில் சம்பந்தப்பட்ட எந்தக் கேள்வியும் என்னிடம்தான் வரும். வழக்கம்போல "யோசித்துச் சொல்றேன்" என்றேன். யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அவன் கணக்கு. ஒரு வண்டி மாதம் சுமார் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லோடோடு சராசரியாக லிட்டருக்கு 4 கிலோமீட்டர். அப்படியானால் மாதம் 2,000 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 1,84,000 ரூபாய் டீசலுக்கே போகிறது. வந்தவர் சொன்ன விலை ஒரு லிட்டர் பாட்டில் 2,000 ரூபாய், அது 1,000 லிட்டர் டீசலுக்குப் போதும். ஆக வண்டிக்கு மாதம் 4,000 ரூபாய். இந்தப் பணம் திரும்பி வர மாதம் சுமார் 43 லிட்டர் மிச்சமானால் போதும். 4 கிலோமீட்டர் 4.09 ஆக வேண்டும், அவ்வளவுதான். அவர் சொன்னபடி 4.5 ஆகிவிட்டால் மாதம் 220 லிட்டருக்கு மேல் மிச்சம், அதாவது 20,000 ரூபாய். அது மட்டும் உண்மையானால் நான் வேலையை விட்டுவிட்டுப் பாட்டில் விற்கக் கிளம்பிவிடுவேன்.

பாட்டிலில் என்ன இருக்கிறது என்று லேபிளை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். "அட்வான்ஸ்டு நானோ" என்பதைத் தாண்டி ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வகைப் பொருட்களில் பெரும்பாலும் வருவது சீரியம் ஆக்சைடு, அதாவது சீரியம் என்ற உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்த பொருள். அது ஏமாற்றுச் சரக்கு இல்லை. நிஜமான வேதியியல் உள்ள பொருள். சீரியத்துக்கு ஆக்சிஜனைக் கொடுக்கவும் தெரியும், திரும்ப வாங்கிக்கொள்ளவும் தெரியும். சூடான இடத்தில் கரிப்புகை பக்கத்தில் வந்தால் தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொடுத்து எரித்துவிட்டு, அப்புறம் காற்றிலிருந்து இழந்ததை எடுத்துக்கொள்ளும். டீசல் கரி தானாக எரிய 600 டிகிரி செல்சியஸ் பக்கம் வேண்டும்; சீரியம் கூட இருந்தால் 450 டிகிரிக்குப் பக்கத்திலேயே எரிய ஆரம்பித்துவிடும். துகள் சின்னதாக ஆக ஆக, அதே எடைக்கு மேற்பரப்பு கூடும். வேலை நடப்பது மேற்பரப்பில்தான் என்பதால் நானோ அளவில், அதாவது கண்ணுக்கே தெரியாத நுண்துகளாக அரைத்தால் துளியூண்டு போட்டாலே போதும்.

இதை உலகில் பெரிய அளவில் முயன்று பார்த்தவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த ஆக்ஸோனிகா என்ற நிறுவனம் 'என்விராக்ஸ்' என்ற பெயரில் நானோ சீரியம் ஆக்சைடைக் கொண்டுவந்தது. டீசலில் பத்து லட்சத்தில் 5 பங்குதான் அளவு. பிரிட்டனின் ஸ்டேஜ்கோச் பஸ் கம்பெனி முதலில் சோதனை போட்டுப் பார்த்து, ஏறக்குறைய 5 சதவீதம் மிச்சம் என்று சொல்லி, தன் பஸ்களில் கலக்க ஆரம்பித்தது. அதைக் கேட்டால் 'வாங்கிவிடலாம்' என்றுதான் தோன்றும். ஆனால் 2007-இல் துருக்கியின் பெட்ரோல் ஒஃபிசி நிறுவனம் செய்த சோதனையில் எதிர்பார்த்த அளவு மிச்சம் தெரியவில்லை. ஒப்பந்தம் முறிந்தது, ஆக்ஸோனிகாவின் பங்கு விலையும் விழுந்தது. அதே நிறுவனத்தின் பொருள். ஓர் ஊரில் மிச்சம், இன்னோர் ஊரில் இல்லை.

ஏன் இப்படி? என் தம்பிக்கு நான் சொன்ன காரணம் இது. நல்ல நிலையில் இருக்கும் டீசல் எஞ்சினில் உள்ளே போகும் எரிபொருளில் 98 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. எரியாமல் புகையாகவும் கரியாகவும் போவது மிச்சமுள்ள அந்த ஒன்றிரண்டு சதவீதம்தான். எரிந்த டீசலின் சூட்டில் சுமார் 40 சதவீதம் சக்கரத்தைத் திருப்பப் போகிறது, மற்றது ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே போகிறது. 'முழுசா எரிய வைக்கும்' என்று சொல்லி ஒரு பாட்டில் 11 சதவீதம் மிச்சம் தர வேண்டுமென்றால், முதலில் எரியாத டீசல் 11 சதவீதமாவது இருக்க வேண்டும். அது இல்லை. இல்லாத வீட்டில் திருட முடியாது.

இதில் ஒரு விதிவிலக்கு: டீசலைப் பீய்ச்சும் நாஸில் அழுக்கேறி, கரி படிந்து, கறுப்புப் புகை தள்ளும் பழைய வண்டி. அதில் வீணாவது கொஞ்சம் கூடுதல். அங்கே எதை ஊற்றினாலும் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். ஆனால் அங்கே நாஸிலைக் கழற்றிச் சரிசெய்தாலும் அதே வித்தியாசம் தெரியும். வந்தவர் தட்டில் கொஞ்சம் டீசல் ஊற்றி, பாட்டில் மருந்து கலந்து எரித்துக் காட்டினாராம், புகை குறைந்ததாம். தட்டில் எரியும் டீசலுக்கும் 1,600 பார் அழுத்தத்தில் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 1,600 மடங்கு) ஊசித்துளை வழியே பீய்ச்சப்படும் டீசலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தட்டில் எரிவது விளக்கு.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970-களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட 'மைலேஜ் கூட்டும்' கருவிகளையும் கலவைகளையும் சோதித்திருக்கிறது. குறிப்பிடத்தக்க மிச்சம் தந்தது என்று கொண்டாட ஒன்றும் தேறவில்லை. பாட்டில் விற்பவர் ஒருவர்கூட என்னிடம் இதைச் சொன்னதில்லை!

சரி, பாட்டில் வேண்டாம் என்றால் நானோவே வேண்டாமா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. என் தம்பி தினமும் பங்க்கில் நானோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். அது டீசல் விலைக்குள்ளேயே இருப்பதால் அவனுக்குத் தெரிவதில்லை.

மணலி மாதிரியான ரிஃபைனரியில் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்தால் கீழே கனமான எண்ணெய் நிறைய தங்கும். அதன் பெரிய மூலக்கூறுகளை உடைத்துத்தான் பெட்ரோலும் டீசல் பாகமும் கூடுதலாக எடுக்கிறார்கள். உடைக்கும் வேலையைச் செய்வது ஜியோலைட். மணல் மாதிரி பார்வைக்குத் தூள். ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஒழுங்காக அடுக்கிய துளைகள், அகலம் 0.74 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூலக்கூறு அந்தத் துளைக்குள் நுழைந்து, சுவரிலுள்ள அமிலத்தன்மையில் மாட்டி, உடைந்து வெளியே வருகிறது. மொபில் நிறுவனத்தின் சார்லஸ் பிளாங்க், எட்வர்ட் ரோசின்ஸ்கி இருவரும் 1960-களின் தொடக்கத்தில் இதைக் கொண்டுவந்த பிறகு, அதே கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பெட்ரோல் கூடியது. 'நானோடெக்னாலஜி' என்ற சொல்லை ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தானிகுச்சி 1974-இல்தான் உருவாக்கினார். சொல் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பே வேலை நடந்திருக்கிறது. யாரும் பாட்டிலில் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது எத்தனால் ஆலைகளில் நடப்பது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள் இல்லையா? வடித்துக்கொண்டே போனால் எத்தனால் சுமார் 95 சதவீதத்தில் நின்றுவிடும். மிச்சத் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தே ஆவியாகும், எவ்வளவு காய்ச்சினாலும் பிரியாது. அந்தத் தண்ணீரோடு பெட்ரோலில் கலந்தால் டேங்கின் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து உட்கார்ந்துவிடும். அதனால் ஆவியை ஒரு மூலக்கூறுச் சல்லடை வழியே விடுகிறார்கள். அதுவும் ஜியோலைட்தான், துளை 0.3 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறு 0.28, எத்தனால் 0.44. நம் வீட்டு மாவுச் சல்லடைக்கு நேர் எதிர் வேலை: சின்னது துளைக்குள் போய் மாட்டிக்கொள்ளும், பெரியது நுழைய முடியாமல் பக்கத்தில் ஓடி வெளியே வந்துவிடும். கையில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் வெளிர் நிறச் சின்ன உருண்டைகள், ஜவ்வரிசி மாதிரி இருக்கும். ஈரக் கையில் வைத்தால் சுடும். தண்ணீரை அவ்வளவு வேகமாக இழுக்கிறது.

அப்புறம் கந்தகம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 டீசல் வந்தது. கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. ஹைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்தி, மாலிப்டினம் சல்ஃபைடு வினையூக்கி மேல் டீசலை ஓடவிட்டுக் கந்தகத்தைப் பிடுங்குகிறார்கள். அந்த மாலிப்டினம் சில நானோமீட்டர் அகலமுள்ள தகடுகளாக இருக்கும். வேலை செய்வது தகட்டின் விளிம்புதான், நடுவில் ஒன்றும் பெரிதாக நடப்பதில்லை. அதனால் தகடு எவ்வளவு சின்னதோ அவ்வளவு விளிம்பு, அவ்வளவு லாபம்.

கந்தகம் போனால் தம்பிக்கு என்ன? அங்கேதான் அவன் 2021 வண்டி வருகிறது. பிஎஸ்-6 லாரியின் சைலன்சர் பழைய இரும்புக் குழாய் இல்லை. கரியைப் பிடிக்கும் பீங்கான் வடிகட்டி, அதாவது டிபிஎஃப், உள்ளே உண்டு. யூரியா கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்கும் பகுதி உண்டு. பிளாட்டினம் வகை உலோகங்கள் நானோ துகள்களாகப் பூசிய பகுதியும் உண்டு. கந்தகம் இந்தப் பூச்சுகளுக்கு விஷம். ரிஃபைனரியில் ஒரு நானோ வேலை செய்தால்தான் சைலன்சரில் இன்னொரு நானோ உயிரோடு இருக்கும். கார்களில் இந்தப் பூச்சைச் சிக்கனமாக்கியதற்கு நல்ல உதாரணம் மஸ்டா: 2009-இல் உலோகத் துகள்களைத் தனித்தனியாக நிலைநிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்காமல் செய்ததில், விலை உயர்ந்த உலோகத்தின் தேவையைச் சுமார் 70 சதவீதம் குறைத்தார்கள்.

இப்போது அந்தப் பீங்கான் வடிகட்டியில் பாட்டில் நானோ போய் விழுந்தால்? கரி எரிந்துவிடும், உலோகம் எரியாது. சீரியமானாலும் வேறு எதுவானாலும் சாம்பலாக வடிகட்டியில் தங்கிக்கொண்டே போகும். 'அப்படியானால் பெஜோ கார்க்காரன் மட்டும் எப்படிச் செய்தான்?' என்று விவரம் தெரிந்த ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2000-இல் வந்த பெஜோ 607 என்ற பிரெஞ்சுக் காரில் சீரியம் கலவை இருந்தது. ஆனால் அதற்குத் தனி டேங்க், எவ்வளவு டீசல் நிரப்பினோமோ அதற்கேற்பக் கம்ப்யூட்டர் அளந்து கலக்கும், வடிகட்டியும் அந்தச் சாம்பலை நினைத்தே வடிவமைத்தது. அப்படியும் 80,000 கிலோமீட்டரில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. இன்னொன்று, அங்கே சீரியத்தின் வேலை மைலேஜ் இல்லை. வடிகட்டியில் சேரும் கரியை எரிப்பது. பொருளைச் சரியான வேலைக்கு வைத்தார்கள்.

எரிபொருளை எடுத்துச் செல்லும் வழியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் லாரி வைத்திருப்பவர் அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. சங்ககிரி டெர்மினலிலிருந்து வரும் டேங்கர் பின்னால் ஒரு சங்கிலி தரையைத் தொட்டுக்கொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். பங்க்கில் இறக்கும்போது முதலில் எர்த்திங் ஒயரைத்தான் மாட்டுவார்கள். எரிபொருள் குழாயில் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். கார்களில் இரும்புக் குழாய்க்குப் பதில் நைலான் குழாய் வந்தபோது அதே ஆபத்து உள்ளே வந்தது. 1990-களிலிருந்து அந்த நைலானில் கார்பன் நானோகுழாய்களை (கார்பன் அணுக்களாலான நுண்குழல்கள்) கொஞ்சமாகக் கலந்து மின்சாரம் கடத்த வைத்தார்கள். டேங்கரின் சங்கிலி செய்யும் வேலையை இங்கே குழாயின் சுவரே செய்கிறது. நல்ல வேலை, நானோகுழாய் வாங்கி யாரும் வண்டியில் மாட்ட வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது.

ஆக, தம்பி முன்னால் இருந்த வழிகளை நான் இப்படித்தான் வரிசைப்படுத்தினேன்.

பிஎஸ்-6 வண்டியில் பாட்டில் கூடவே கூடாது. மிச்சம் வந்தாலும் சில லிட்டர். டிபிஎஃப் அடைத்தால் செலவு அதையெல்லாம் விழுங்கிவிடும். வாரண்டியில் கேட்டால் 'என்ன ஊற்றினீங்க?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

பிஎஸ்-4 வண்டியில் டிபிஎஃப் கிடையாது, அதனால் சாம்பல் பயம் குறைவு. ஆனால் அந்தச் சாம்பல் சைலன்சர் வழியே ஊருக்குள் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எலிகளில் நடந்த ஆய்வுகளில் சீரியம் ஆக்சைடு நுரையீரலில் அழற்சி உண்டாக்கியிருக்கிறது. பட்டறையில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டுப் பின்னால் நின்று டயர் தட்டுவது கிளீனர் பையன்தானே. அதைவிடச் சின்னதாக இன்னொரு சங்கடம். தம்பி வாங்கி வைத்த மாதிரிப் பாட்டிலை இரண்டு வாரம் அலமாரியில் வைத்துவிட்டுப் பார்த்தான். அடியில் வெளிர் மஞ்சளாக ஒரு படிவு. குலுக்கினால் கலங்கியது, அரை மணியில் திரும்ப உட்கார்ந்தது. நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிட்டால் அவை நானோவும் இல்லை, டீசல் ஃபில்டருக்கு நல்லதும் இல்லை. நாஸிலோடு சேர்ந்து டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கிடையே இடைவெளி சில மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அலுமினா மாதிரிக் கடினமான துகள் இருந்தால் அது உப்புத்தாள் வேலை பார்க்கும்.

பங்க்கில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாக விற்கும் டீசல் இன்னொரு வழி. அதில் நானோ கிடையாது. நாஸிலைச் சுத்தமாக வைக்கும் சோப்பு மாதிரிப் பொருள், உலோகம் இல்லாதது, எரிந்து போய்விடும். பாட்டிலைவிட இது பத்திரம். ஆனால் எப்போதும் இதையே போட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று டேங்குக்கு ஒருமுறை போட்டால் தப்பில்லை. எஞ்சின் ஆயிலில் கலக்கும் நானோ பொடியைப் பற்றியும் கேட்டான்; கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை, சொன்ன கிலோமீட்டரில் மாற்று என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது வழி, நான் சொன்னது. இரண்டு வண்டிக்கும் பாட்டில் என்றால் மாதம் 8,000, ஆறு மாதத்துக்கு 48,000 ரூபாய். அந்தப் பணத்தில் பிஎஸ்-4 வண்டியின் இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார், ஏர் ஃபில்டர் மாற்று, அலைன்மெண்ட் பார், நல்ல காற்று மீட்டர் ஒன்று வாங்கி டிரைவர் கையில் கொடு, மிச்சத்தை ஒரு ஜோடி ரேடியல் டயருக்கு வை. லோடு லாரியில் டீசலில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக டயர் உருளுவதிலேயே போகிறது என்பது டயர்க்காரர்கள் சொல்லும் கணக்கு. காற்று குறைந்தால் டயர் நசுங்கி நசுங்கிச் சூடாகும். அந்தச் சூடு உன் டீசல். வேடிக்கை என்னவென்றால் டயரிலும் நானோ இருக்கிறது. டயரைக் கறுப்பாக்கும் கார்பன் பிளாக், சில பத்து நானோமீட்டர் துகள்தான். நூறு வருஷத்துக்கு மேலாக ரப்பரில் கலக்கிறார்கள்.

"அதெல்லாம் சரிங்கண்ணா, ஆனா ஒருதடவை போட்டுப் பாத்துட்டா மனசு ஆறும்" என்றான். அதுவும் நியாயம்தான். பழைய வண்டியில் மட்டும், நடைக்கு நடை டேங்க் ஃபுல் செய்து எழுதி வை என்றேன். ஒரே பங்க், ஒரே பம்பு, ஒரே ஆள் நிரப்ப வேண்டும். 350 லிட்டர் டேங்கில் நுரை அடங்காமல் 5 லிட்டர் கூடக் குறைய நிரப்பினாலே ஒன்றரை சதவீதம் தப்பாகிவிடும், நாம் தேடுவதே இரண்டு சதவீதம்தான். மருந்து இல்லாமல் மூன்று நடை: 4.1, 3.8, 4.2. மருந்தோடு மூன்று நடை: 4.0, 4.3, 3.9. சராசரி பார்த்தால் 4.03-க்கும் 4.07-க்கும் உள்ள வித்தியாசம். மருந்து இல்லாத நடைகளுக்குள்ளேயே 0.4 வித்தியாசம் இருக்கிறது. போகும்போது முட்டை, வரும்போது வெங்காயம், இடையில் ஒரு நடை தொப்பூர் கணவாய் ஏற்றம். இந்த நோட்டை வைத்துக்கொண்டு மருந்து வேலை செய்கிறது என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. விற்பவருக்கு இந்த நிலைமை ரொம்ப வசதி. 'ஒரு கஸ்டமருக்கு 4.3 வந்துச்சு சார்' என்று அடுத்த பட்டறையில் சொல்வார், அது பொய்யும் இல்லை.

போன வாரம் இன்ஜெக்டர்களைக் கழற்றியிருக்கிறான். ஆறில் இரண்டு பீய்ச்சாமல் ஒழுகியதாம். காற்று மீட்டரும் வாங்கிவிட்டான். பின் ஆக்சிலில் உள்பக்க டயர் ஒன்றில் பாதிக் காற்றுதான் இருந்ததாம், எத்தனை நடை அப்படி ஓடியதோ.

நேற்று திரும்ப ஃபோன் செய்தான். பாட்டிலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம், வீட்டு ஜெனரேட்டருக்கு ஊற்றலாமா என்று கேட்கிறான்.